மேரி எலன் ரூடினை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 24 ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். டிசம்பர் வந்தால் ராமானுஜன் பிறந்தநாளான 22-ஆம் தேதியை ஒட்டிக் கணித மன்றக் கூட்டம் நடக்கும். யாராவது ஒரு கணித அறிஞரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ராமானுஜன் கதையை அவர்கள் சின்ன வகுப்பிலேயே கேட்டுவிட்டு வருகிறார்கள். அதனால் அதே டிசம்பரில், 7-ஆம் தேதி பிறந்த இன்னொருவரைச் சில ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அவர் மேரி எலன் ரூடின். அமெரிக்கர். டோபாலஜி என்ற துறையில், அதாவது இடவியலில், இருபதாம் நூற்றாண்டின் முன்வரிசை ஆய்வாளர்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இருவர், எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். மூன்று பாடவேளைகள் வேண்டும். ஒரே பாடவேளையில் முடிக்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். அப்படி முடித்துப் பார்த்தவள் நான்.

முதல் ஆண்டு, கரும்பலகையின் இடப்பக்கம் ஆண்டுகளையும் வலப்பக்கம் நிகழ்வுகளையும் எழுதிப் போட்டேன். பிறப்பு 1924, முனைவர் பட்டம் 1949, மறைவு 2013. பிள்ளைகள் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கேட்டபோது தேதிகளைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒருத்திகூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த அம்மாள் என்னதான் செய்தார் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதுவே மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு தச்சரைப் பற்றிச் சொல்லும்போது அவர் செய்த நாற்காலியைக் காட்டாமல் அவர் பிறந்த தேதியை மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான்.

அதன் பிறகு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். அவர் பெயரை மூன்றாம் நாள்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாளும் அவர் செய்த வேலையின் ஒரு துண்டையாவது பிள்ளைகள் தங்கள் கையால் செய்திருக்க வேண்டும்.

டோபாலஜி என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. ஓட்டை போட்ட உளுந்து வடையும் கைப்பிடி வைத்த குவளையும் ஒன்று. ஈரக் களிமண்ணில் கிழிக்காமல், ஒட்டாமல், வளைத்தும் இழுத்தும் ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ரூடினின் டோபாலஜி அந்த வகையைச் சேர்ந்ததன்று. புள்ளிகளின் கூட்டம் ஒன்றில் எது எதற்கு அருகில், எதை எதிலிருந்து பிரிக்கலாம் என்று அடிமட்டத்திலிருந்து கேட்கும் பிரிவு அவருடையது. அந்தக் கேள்விகளுக்கு அவர் பெரும்பாலும் ஒரே விதமாகப் பதில் சொன்னார். எல்லோரும் உண்மை என்று எதிர்பார்க்கும் ஒரு கூற்றுக்கு, அது பொய்யாகும் ஓர் இடத்தைக் கட்டிக் காட்டினார். எதிர் எடுத்துக்காட்டு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆகவே முதல் நாள் வேலை, எதிர் எடுத்துக்காட்டு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு உறைக்க வைப்பது.

பலகையில் ஒரு கோவையை எழுதுங்கள்: n-இன் வர்க்கம், அதோடு n, அதோடு 41. ஆய்லர் 1772-இல் கவனித்த கோவையின் இன்னொரு வடிவம் இது. வருகைப் பதிவேட்டில் தன் வரிசை எண் எதுவோ அதை n ஆக வைத்து ஒவ்வொருத்தியும் கணக்கிடட்டும். வரிசை எண் 1-க்கு 43 வரும். 2-க்கு 47. 3-க்கு 53. 10-க்கு 151. வந்த எண் பகா எண்ணா என்று அவளே வகுத்துப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் 36 பேர். 36 பேருக்கும் பகா எண்ணே வரும். வரிசையாக எழுந்து ‘பகா எண் டீச்சர்’, ‘பகா எண் டீச்சர்’ என்று சொல்லச் சொல்ல, பத்தாவது ஆளுக்குள் வகுப்பே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடும். 37, 38, 39 மூன்றையும் நான் பலகையில் போடுகிறேன்: 1447, 1523, 1601. அவையும் பகா எண்கள்.

இங்கே நிறுத்திக் கேளுங்கள். எப்போதும் இப்படித்தான் வருமா? ஆமாம் என்றே எல்லாக் கைகளும் உயரும். 39 முறை சரியாக வந்த ஒன்றைச் சந்தேகிப்பது எளிதன்று. அதை அவர்கள் உடம்பால் உணர வேண்டும் என்பதற்காகவே இத்தனை பாடு. பிறகு 40-ஐ வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் வெளியே வாருங்கள்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டம் தொடங்குமுன்பே இரண்டு பிள்ளைகள் ஆசிரியர் அறை வாசலில் நின்றார்கள். 40-க்கு 1681 வருகிறது. முதல் மாணவி 2, 3, 5, 7 என்று தொடங்கி 37 வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்து, ஒன்றும் மீதியின்றி வகுபடாததால் பகா எண் என்று முடித்திருந்தாள். அவள் போட்ட வகுத்தல்களில் பிழையே இல்லை. 39 வரை உள்ள எல்லா எண்ணுக்கும் 37 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அந்தப் பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். இரண்டாமவள் இன்னும் ஒரே ஒரு வரி கூடுதலாகப் போட்டிருந்தாள். 41-ஆல் வகுத்தால் 41. மீதி இல்லை. அந்த வரியைப் பென்சிலால் இருமுறை கோடிட்டிருந்தாள். முதல் மாணவி அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘ஒன்றே ஒன்றுதானே டீச்சர், அதற்காக மொத்தமும் தப்பாகிவிடுமா?’ என்று கேட்டாள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் முதல் நாள் பாடம் நடந்துவிட்டது என்று பொருள். ஆம், மொத்தக் கூற்றும் விழுந்துவிடும். ‘எல்லா’ என்ற சொல்லை வீழ்த்த ஒன்று போதும்.

இரண்டாம் நாளுக்குக் கோலமாவு, சிவப்புப் பொடி, நீலப் பொடி, சிவப்பு நூல், நீல நூல், ஒரு தாம்பாளம் நிறையக் களிமண், சம உயரத்தில் நறுக்கிய ஈர்க்குச்சிகள் 49, அளக்கக் கயிறு ஆகியவை வேண்டும். வகுப்பை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தரையில் சிவப்பில் ஒரு வடிவம், சற்றுத் தள்ளி நீலத்தில் ஒரு வடிவம் வரையுங்கள். ஒன்றையொன்று தொடக்கூடாது. இவை இரண்டு பேருடைய கொல்லைகள் என்று சொல்லுங்கள். ஒன்றில் ராகி, ஒன்றில் நிலக்கடலை. இருவருக்கும் தங்கள் கொல்லையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு வேலி போட வேண்டும். ஒருவர் வேலிக்குள் இருக்கும் இடம் மற்றவர் வேலிக்குள் வரக்கூடாது. முடியுமா?

பார்த்தவுடனே முடியும் என்பார்கள். எப்படி என்று கேளுங்கள். வடிவங்கள் கோணல்மாணலாக இருக்கட்டும். சிவப்பின் ஒரு கை நீலத்தின் குடைவுக்குள் நுழைந்து வரட்டும். அப்போதுதான் யோசிப்பார்கள். எல்லா ஆண்டும் யாராவது ஒருத்தி வழி கண்டுபிடிக்கிறாள். எந்தப் புள்ளி சிவப்புக்கு அருகில் இருக்கிறதோ அது சிவப்பின் பக்கம். எது நீலத்துக்கு அருகிலோ அது நீலத்தின் பக்கம். இரண்டுக்கும் சம தூரத்தில் உள்ளது யாருக்கும் இல்லை. கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் இடத்திலிருந்து இரண்டையும் அளந்து பார்க்கட்டும். சிவப்புக்கு அருகில் நிற்பவள் உள்ளங்கையில் சிவப்புப் பொடி, மற்றவளுக்கு நீலம். சற்று நேரத்தில் முற்றமே தானாக இரண்டாகப் பிரிந்து நிற்கும். தூரம் அளக்க முடிந்த எந்த இடத்திலும் இந்த வழி தவறாது. அதற்கு அவர்கள் இப்போது செய்ததே நிரூபணம். உங்கள் வகுப்பு ஒரு தேற்றத்தை நிறுவிவிட்டது என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

பிறகு கயிற்றை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். தூரம் என்பதே இல்லாத இடங்களும் கணிதத்தில் உண்டு, அங்கே அளக்க முடியாது, எந்தக் கூட்டம் எந்தப் புள்ளியைச் சுற்றியிருக்கிறது என்பது மட்டும் தெரியும் என்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடம் ஒன்றில், ஒன்றையொன்று தொடாத மூடிய வடிவங்கள் எந்த இரண்டை எடுத்தாலும் வேலி போட்டுப் பிரிக்க முடியும் என்றால், அதை நார்மல் வெளி என்கிறார்கள். சொல்லை எழுதிப் போட வேண்டாம். வேலி போட முடிகிற இடம் என்றாலே போதும்.

அடுத்தது தாம்பாளம். களிமண்ணில் ஏழுக்கு ஏழு புள்ளிக் கோலம் போல 49 குச்சிகளை நடுங்கள். கீழே உள்ள களிமண்தான் பழைய இடம். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு குச்சி நட்டதும் புதிய, உயரமுள்ள இடம் கிடைத்துவிட்டது. இப்போது ஒரே குச்சியில் கீழே சிவப்பு நூலையும் மேலே நீல நூலையும் கட்டுங்கள். பக்கத்துக் குச்சிகளிலும் அப்படியே வேறு வேறு உயரத்தில் கட்டுங்கள். சிவப்பும் நீலமும் காற்றில் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் நேர் மேலிருந்து பார்த்தால் இரண்டின் நிழலும் ஒரே புள்ளியில் விழுகின்றன. பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு அவசரப்படாதீர்கள். கீழே போட்ட பழைய வேலி இங்கே அப்படியே உதவாது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கும் நொடி அது. எனக்கு மூன்று நாளிலும் மிகப் பிடித்த நொடியும் அதுதான்.

இனி கேள்வி. கீழே உள்ள இடத்தில் எப்போதும் வேலி போட முடியும் என்றால், குச்சி நட்ட இடத்திலும் எப்போதும் போட முடியுமா? கனடாவில் பிறந்த டௌக்கர் என்ற கணித அறிஞர் 1951-இல் எழுப்பிய கேள்வி இதுவே. கீழிருக்கும் இடம் எப்படி இருந்தால் குச்சி நட்ட பிறகு சிக்கல் வரும் என்று அவர் துல்லியமாகக் கண்டுபிடித்தார். ஆனால் அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்பது தெரியவில்லை. கைதூக்கச் சொல்லுங்கள். முதல் நாள் சூடுபட்ட பிள்ளைகள் சிலர் இப்போது கையைத் தூக்காமல் யோசிப்பார்கள்.

இந்தத் தாம்பாளத்தில் சிக்கல் வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் நட்டது 49 குச்சி. சிக்கல் வரும் இடம், 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போகும் முடிவிலியைவிடவும் பெரிய முடிவிலியில்தான் கட்டப்பட்டது. அதை மரத்தடியில் காட்ட முடியாது. காட்ட முடியாததைக் காட்டியதுபோல் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். கேள்வியைப் புரிந்துகொண்டார்கள் என்பதே பெரிது. விடையைச் சொல்லாமல் மணி அடிக்க விடுங்கள்.

மூன்றாம் நாள் விளையாட்டுத் திடலுக்குப் போங்கள். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பால் 89 அடி நீளத்துக்கு ஒரு கோடு. ஓர் அடிக்கு ஓர் ஆண்டு. தொடக்கத்தில் 1924, முடிவில் 2013. ஒரு மாணவி கோட்டின் மேல் நடக்கட்டும். நீங்கள் கூடவே நடந்து சொல்லுங்கள். இப்போதுதான் பெயர்.

மேரி எலன் எஸ்டில், டெக்சாஸ் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை சாலை போடும் பொறியாளர். சிறுமி வளர்ந்தது லீக்கி என்ற சின்ன மலையூரில், ஃப்ரியோ ஆற்றங்கரையில். வெளியூர் போக ஒரே மண்சாலை. அந்தச் சாலையில் போனால் ஆற்றில் ஏழு முறை இறங்கி ஏற வேண்டும். எங்கள் பள்ளியில் இதைச் சொல்லும்போது சில தலைகள் நிமிர்ந்துவிடும். கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மீது ஏற்றிக்கொண்டு போன படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து மலையூர்களிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் எங்களுக்கு உண்டு. பொம்மை கிடையாது, சினிமா கிடையாது, கற்பனையிலேயே சிக்கலான விளையாட்டுகளைக் கட்டி நாள் முழுக்க விளையாடினோம், கணிதத்துக்கு அந்தப் பழக்கம் உதவியது என்று ரூடின் பிற்காலத்தில் சொன்னார். இதைத் தவறாமல் சொல்லுங்கள். ஆனால் வறுமை நல்லது என்று பொருள்படும்படி சொல்லாதீர்கள். அவர் வீட்டில் படிப்பை மதித்தார்கள், கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும்.

17-ஆவது அடி, 1941. பதினாறு வயதில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறார். என்ன பாடம் எடுப்பது என்ற முடிவு இல்லை. பதிவு மேசையில் நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ‘அப்படியென்றால்’, ‘அல்லது’, ‘இல்லை’ போன்ற சொற்களை இந்தப் பெண் சரியாகக் கையாள்கிறாளா என்று சோதிக்கும் கேள்விகளாகக் கேட்கிறார். மறுநாள் கணித வகுப்புக்குப் போனால் ஆசிரியராக நிற்பவர் அவரேதான்: ஆர். எல். மூர்.

இங்கே நடப்பதை நிறுத்தி, அதே சோதனையை நம் பிள்ளைகளுக்கு வையுங்கள். மழை பெய்தால் பஸ் தாமதமாகும். இன்று பஸ் தாமதம். மழை பெய்ததா? பாதிப் பேர் ஆம் என்பார்கள். டயர் வெடித்திருக்கலாமே என்று ஒருத்தி சொல்லுவாள். அடுத்து ‘அல்லது’. மதியம் களி அல்லது சோறு என்று அம்மா சொன்னால் இரண்டில் ஒன்றுதான். கணிதத்தில் சொன்னால் இரண்டும் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் கணங்களின் சேர்ப்பு பல பிள்ளைகளுக்குக் குழம்புவது இந்தச் சொல்லால்தான் என்பது என் அனுபவம். எனவே இதில் கழியும் ஐந்து நிமிடம் பாடத்துக்கும் உதவும்.

மூரின் வகுப்பு வினோதமானது. புத்தகம் கிடையாது. விரிவுரை கிடையாது. வரையறைகளையும் தேற்றங்களையும் மட்டும் தருவார். நிரூபணத்தை மாணவர்களே கண்டுபிடித்துப் பலகையில் நின்று சொல்ல வேண்டும். மற்றவர் எழுதியதைப் படிக்கவும் தடை. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதியபோது தான் ஒரு கணித ஆய்வுக் கட்டுரையைக்கூடப் படித்ததில்லை என்று ரூடின் சொல்லியிருக்கிறார். அந்த முறை தன்னை எதற்கும் அஞ்சாதவளாக்கியது என்று ஒப்புக்கொண்ட அவரே, மற்ற கணிதத் துறைகளைக் கற்க விடாமல் தன்னை ஏமாற்றிவிட்டது என்றும் வருந்தினார். தன் மாணவர்களை அவர் அப்படி வளர்க்கவில்லை. நீங்களும் அந்த முறையை முழுசாக எடுக்க வேண்டாம். வாரம் ஒரு கணக்கை விடை சொல்லாமல் விட்டுவைப்பது போதும். யார் முதலில் என்ற போட்டியும் வேண்டாம்.

மூரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் கறுப்பின மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தவர். சிறந்த ஆசிரியர் என்ற புகழோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். நான் முதலில் தயங்கினேன். பிள்ளைகளுக்கு எதற்கு என்று நினைத்தேன். ஒரு முறை சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, ‘அப்படி வெளியே நின்றவர்களில் எத்தனை பேர் இவரைப் போல வந்திருப்பார்கள்?’ என்று கேட்டாள். எங்கள் மாவட்டத்தில் யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் கடந்து போகவில்லை. எண்ண முடியாது, எண்ணப்படாமல் போனதுதான் அநியாயம் என்று சொன்னேன்.

25-ஆவது அடியில் முனைவர் பட்டம், பிறகு டியூக் பல்கலைக்கழகத்தில் பணி. 1953-இல் திருமணம், கணவர் வால்டர் ரூடினும் கணித அறிஞர். இங்கெல்லாம் வேகமாக நடந்துவிடலாம்.

27-ஆவது அடியில் நில்லுங்கள். 1951. நேற்றுத் தாம்பாளத்தில் பார்த்த கேள்வி பிறந்த ஆண்டு. தாம்பாளத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, நடக்கும் மாணவியின் கையில் கொடுங்கள். 31-ஆவது அடி, 1955: ரூடின் பாதி விடை தருகிறார். வேறொரு வினோதமான பொருள் இருப்பதாக வைத்துக்கொண்டால், டௌக்கர் தேடிய இடம் கிடைத்துவிடும் என்று காட்டினார். ஆனால் ‘இருப்பதாக வைத்துக்கொண்டால்’ என்பது ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியைக் கீழே வைக்கக்கூடாது. இன்னும் 16 அடி அதை ஏந்தியபடி நடக்க வேண்டும். 35-ஆவது அடியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்குக் குடிபெயர்கிறார்கள். 47-ஆவது அடி, 1971: எந்த ‘வைத்துக்கொண்டாலும்’ இல்லாமல், அப்படி ஓர் இடத்தையே ரூடின் கட்டிக் காட்டிவிட்டார். கீழே வேலி போடலாம். குச்சி நட்டால் போட முடியாது. கேள்வி பிறந்து 20 ஆண்டு. குச்சியை அந்த இடத்தில் நடச் சொல்லுங்கள். ஒரு வினாவுக்கு ஒரு மதிப்பெண், இரண்டு நிமிடம் என்று பழகிய பிள்ளைகளுக்கு அந்த 20 அடி தரும் அதிர்ச்சியை வேறு எந்த வழியிலும் நான் தந்ததில்லை.

அதே 1971-இல்தான் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியர் ஆக்கியது. அதற்கு முன் 12 ஆண்டுகள் அவர் விரிவுரையாளர் மட்டுமே. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் நிரந்தரப் பதவி தரக்கூடாது என்ற வழக்கம் அக்காலத்தில் அங்கே பரவலாக இருந்தது. பெரும்பாலும் அதில் நின்றுபோனது பெண்ணின் பதவிதான்.

நான்கு பிள்ளைகளின் தாய் அவர். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த அவர்களது வீட்டில், கூடத்து சோபாவில் சாய்ந்தபடி, காகிதமும் பேனாவுமாகக் கணிதம் செய்வார். சுற்றிலும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கேட்க இனிமையான காட்சி. ஆனால் இதைக் கவனமாகச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்புமுன் கல்யாணம் பேசி முடிக்கும் வீடுகள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கின்றன. ‘வீட்டில் இருந்துகொண்டே சாதித்தார்’ என்று நாம் சொன்னால், ‘அப்படியானால் வீட்டிலேயே இரு’ என்று அது மாறிவிடும். ஆகவே நான் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் முனைவர் பட்டம், பிறகு வேலை, 28 வயதில் திருமணம், பிறகு சோபா. வரிசை மாறினால் கதை மாறிவிடுகிறது. நடக்கிற மாணவியிடம் 18-ஆவது அடி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அங்கே ரூடின் கல்லூரியில் இருந்தார். வேறு விளக்கம் தேவைப்படாது.

67-ஆவது அடியில் ஓய்வு. பிள்ளைகள் அத்துடன் முடிந்தது என்று நினைப்பார்கள். இன்னும் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். 2001: நிக்கியெல் என்பவர் முன்வைத்த ஊகத்தை நிறுவிய ரூடினின் கட்டுரை வெளியாகிறது. அப்போது அவருக்கு 76 வயது. நிபுணர்களே மிகக் கடினம் என்று சொன்ன நிரூபணம் அது. 2013 மார்ச்சில் மேடிசனில் மறைந்தார். கோடு முடிகிறது.

பிறகு கேள்விகள். இதனால் என்ன பயன் என்பது எல்லா ஆண்டும் வரும். மழுப்பாதீர்கள். டோபாலஜியின் வேறு கிளைகள் தரவுகளை ஆராய்வதில் பயன்படுகின்றன. ரூடின் கட்டிய இடத்தைக் கொண்டு யாரும் பாலம் கட்டவில்லை. பொய்யான ஒரு கூற்றை நிறுவ முயன்று மற்ற ஆய்வாளர்கள் ஆயுளைத் தொலைக்காமல் அது காத்தது. என் பிள்ளைகள் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்கிறார்கள். 40-ஐப் போட்டுப் பார்க்காமல் கைதூக்கியது அவர்களுக்கு நினைவிருக்கிறது.

நாங்களும் இதைப் படிக்க முடியுமா என்று கேட்பவளை நிற்க வைத்துப் பதில் சொல்லாதீர்கள். உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிளஸ் டூவில் கணிதம் எடுக்க வேண்டும். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அது தவறினால் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே, கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற நான்கு வாரக் கணிதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். 1993 முதல் நடக்கும் முகாம் அது. புத்தகத்தை ஒப்பிக்காமல் தானே யோசிக்கப் பழக்குவார்கள். பி.எஸ்சி.க்குப் பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். பெற்றோரிடம் காட்டுவதற்கு இந்தத் தாள் வேண்டும். வாயால் சொன்னது மலையேறும்போது பாதி மறந்துவிடும்.

சென்ற டிசம்பரில் கோட்டுக் கதை முடிந்து நான்கு நாள் கழித்து, 37-இல் நிறுத்திய அந்த மாணவி மறுபடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். 41-க்குப் பதிலாக 17 போட்டுப் பார்த்திருக்கிறாள். 15 வரை எல்லாம் பகா எண். 16-இல் 289, அதாவது 17-இன் வர்க்கம். பிறகு 11 போட்டிருக்கிறாள். 10-இல் உடைந்து 121 வந்திருக்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் அதைவிட ஒன்று குறைந்த இடத்தில் அதன் வர்க்கமே வந்து நிற்கிறது என்று சொல்லி, இயற்கணிதத்தில் மூன்று வரியில் நிறுவியும் காட்டினாள். மூன்று வரியும் சரி. பலகையில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்துச் சுண்ணக்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ‘அங்கே உடைவது புரிகிறது டீச்சர். 41-க்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு தடவைகூட உடையவில்லையே, 43 போட்டால் முதல் எண்ணிலேயே உடைந்துவிடுகிறதே, அது ஏன்?’ என்றாள்.

அந்தக் கேள்வியைப் பலகையின் வலது மூலையில் கட்டம் போட்டு, தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பலகை துடைக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது என்று தெரியும்.